மீன் தொட்டியும் மிதக்கும் பெரணியும்

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்போர் யாவரும் அதில் சிறிது பசுமை படர்ந்திருப்பதை விரும்புவர். பெங்களூர் விவேக் நகரைப் போன்று வீடுகள் நெருங்கி அமைந்த பகுதிகளில், தோட்டமிட இடமில்லாத குடும்பத்தினருக்குக் கண்ணாடித் தொட்டியே தோட்டமும் தடாகமுமாகி விடுகிறது. அத்தகைய தொட்டிகளில் எளிதில் வளரும் செடிகளுள் ஒன்று சால்வீனியா என்னும் மிதக்கும் பெரணி. அதன் இயல்பை அறிந்து வளர்ப்பது நன்மை தரும். அறியாது வெளியே விடுவது பெருந்தீங்காக முடியும்.

இச்செடிக்கு உண்மையான வேர் கிடையாது. ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள் தோன்றுகின்றன. இரண்டு நீரின்மேல் மிதக்கும். மூன்றாவது இலை நார் நாராகப் பிளவுபட்டு, வேரைப் போல நீருக்குள் தொங்கும். மேலிலைகளில் அடர்ந்துள்ள நுண்ணிய மயிர்கள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அவை நனைவதில்லை. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரஜன் உப்புக்களை இச்செடி உணவாகக் கொள்கிறது; ஆதலின் தொட்டியில் பாசி பெருகுவது குறைகிறது. தொங்கும் இலைகள் மீன்குஞ்சுகளுக்கு மறைவிடமாகவும் பயன்படுகின்றன.

இவ்வினங்களுள் சால்வீனியா மொலெஸ்டா என்பதே மிகுந்த கவனத்திற்குரியது. பெரணிகளுக்கே உரிய ஸ்போர் என்னும் நுண்துகள்கள் இதில் மலடாகவே உள்ளன. எனினும் ஒடிந்த துண்டில் ஒரு மொட்டு எஞ்சியிருப்பின், அதுவே தனிச்செடியாகிவிடும். வெப்பமும் ஒளியும் உணவும் சாதகமாயின் இரண்டு மூன்று நாட்களில் இது இரட்டிக்க வல்லது. மூன்று நாட்களுக்கு ஒருமுறை இரட்டிப்பதாகக் கணக்கிட்டால், ஒரு செடி 30 நாட்களில் 1,024 செடிகளாகும்.

இதன் தாயகம் தென்கிழக்குப் பிரேஸில். 1939ஆம் ஆண்டில் தாவரவியல் துறையொன்றின் வாயிலாகக் கொழும்பை அடைந்து, இலங்கையின் நீர்நிலைகளிலும் வயல்களிலும் பரவியது. இந்தியாவில் 1955ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தை அடுத்த வேளி ஏரியில் காணப்பட்டது. பின்னர்க் குட்டநாட்டின் கால்வாய்களையும் நெல்வயல்களையும் மூடிக்கொண்டது. படகுப் போக்குவரத்தும் மீன்பிடிப்பும் தடைப்பட்டன. மக்கள் இதனை 'ஆப்பிரிக்கப் பாயல்' என்று அழைத்தனர். நெல் பயிரிடுவோர் இதனை ஆட்களைக் கொண்டு அகற்ற ஹெக்டேருக்கு 235 ரூபாய் வரை செலவிட நேர்ந்தது.

இதற்குப் பரிகாரம் கண்ட வரலாற்றில் பெங்களூருக்குச் சிறப்பான இடமுண்டு. பிரேஸிலைத் தாயகமாகக் கொண்ட ஒரு சிறு கூன்வண்டு இச்செடியையே உண்டு வாழ்வது. வளர்ந்த வண்டு மொட்டுக்களைத் தின்னும். புழு தண்டைக் குடைந்து செல்லும். இவ்வண்டு 1982ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து தருவிக்கப்பட்டது. பிற பயிர்களை இது தாக்குவதில்லை என்பதைச் சோதித்தறிந்த பின்னர், இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 1983-84இல் பெங்களூரிலுள்ள ஓர் அல்லிக்குளத்தில் இதனை விட்டனர். பதினொரு மாதங்களுக்குள் பெரணி அழிந்தது. நசுங்கிக் கிடந்த அல்லி மீண்டும் தழைத்தது. அதன் பின்னர்க் கேரளத்திலும் இவ்வண்டு விடப்பட்டு, சில ஆண்டுகளில் பெரும்பாலான கால்வாய்கள் தெளிவடைந்தன.

இவ்வெற்றியைக் கண்டு நாம் அசட்டையாக இருத்தல் ஆகாது. எல்லாக் களைகளுக்கும் இத்தகைய வண்டு வாய்ப்பதில்லை. அழகுக்காகக் கொணர்ந்த வெங்காயத் தாமரை இன்றும் நம் ஏரிகளை மூடுவதை யாவரும் காண்கிறோம். விவேக் நகரை அடுத்த கோரமங்கலப் பள்ளத்தாக்கின் கால்வாய்கள் பெல்லந்தூர் ஏரியை அடைகின்றன. அங்கிருந்து வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலக்கும் நீர், ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கும், அப்பால் கிருஷ்ணகிரிக்கும் செல்கிறது. ஆகவே ஒரு வீட்டுச் சாக்கடையில் எறியப்படும் கைப்பிடிச் செடி தமிழ்நாட்டு உழவரின் பாசனத்திற்கும் இடையூறாகலாம்.

இச்செடியை வளர்ப்போர் நீர்ப்பரப்பில் பாதிக்குமேல் அதனைப் படர விடலாகாது. மிகுதியாயின், கீழுள்ள செடிகளுக்கு ஒளியும் நீருக்குப் பிராணவாயுவும் குறையும். வாரந்தோறும் மிகுந்தவற்றை அள்ளி, வெயிலில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்கும்வரை உலர்த்திப் பின்னர் எருவில் இடலாம். தொட்டி நீரை மாற்றும்பொழுது துணியில் வடிகட்டி, அந்நீரைப் பூந்தொட்டிகளுக்கு ஊற்றுதல் நன்று. ஏரி, குளம், கிணறு, சாக்கடை ஆகிய எதிலும் இதனை விடலாகாது. பிறருக்குச் செடியைக் கொடுப்போர் இவ்விதிகளையும் உடன் கூறிக் கொடுத்தல் வேண்டும்.