புதிய கார்டு, பழைய ஆழம்

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்கள் விசைப்படகில் பிளாட்டர் வைத்திருக்கிறோம். அதில் இருக்கும் கடல் வரைபடத்தை வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்கிறார் விற்றவர். நாங்கள் போய்வருவது எப்போதும் அதே கடல்தான். கட்டித்தான் ஆகவேண்டுமா?”

டீசலுக்கும் ஐஸுக்கும் ஆள்கூலிக்கும் போக மிஞ்சுவதை எண்ணிப் பார்க்கிறவரின் கேள்வி இது. ‘பாதுகாப்பு விஷயம், யோசிக்காமல் கட்டுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் கட்டுகிற பணத்துக்கு எது கிடைக்கிறது, எது கிடைப்பதில்லை என்று தெரிந்துகொண்டால் அவரே முடிவெடுத்துவிடுவார். விளம்பரங்கள் தினந்தோறும் ஆயிரக்கணக்கான திருத்தங்கள் என்கின்றன. இருக்கலாம். அது உலகக் கடல்கள் முழுவதற்குமான கணக்கு. பால்டிக் கடலில் ஒரு மிதவை இடம் மாறியதும் அதில் சேர்த்திதான்.

அந்தத் திருத்தங்கள் வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். திரையில் படமாகத் தெரிவது உள்ளே ஒரு நீண்ட பட்டியல். ஒவ்வொரு மிதவைக்கும், கலங்கரை விளக்கத்துக்கும், பாறைக்கும் தனி எண் உண்டு. கப்பல்களுக்காக அரசுகள் வெளியிடும் மின்வரைபடங்களில் கடல் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டத்தின் மூலக் கோப்பு 000 என்ற எண்ணோடு வரும். அடுத்து வரும் திருத்தம் 001, அதற்கடுத்தது 002. திருத்தக் கோப்பில் வரைபடம் எதுவும் இராது, கட்டளைகள் மட்டுமே இருக்கும்: இந்த எண்ணுள்ள மிதவையை நீக்கு, அந்த விளக்கின் நிறத்தை மாற்று, இந்த இடத்தில் மூழ்கிய கப்பல் ஒன்றைச் சேர். வரிசை தவறக்கூடாது. 002 ஏறாமல் 003 ஏறாது. படகுகளின் பிளாட்டரில் செருகும் வரைபடக் கார்டுகளைத் தனியார் நிறுவனங்கள் தங்கள் வடிவத்தில் தயாரிக்கின்றன என்றாலும், அவர்களுக்கும் பெரும்பாலும் மூலம் இந்த அரசுத் தரவுதான்.

மளிகைக் கடையின் இருப்பு நோட்டு மாதிரிதான் இது. முதல் பக்கத்தில் கடை திறந்த நாளின் சரக்கு முழுவதும் எழுதியிருக்கும். அதன்பின் தினமும் மாற்றம் மட்டும்: துவரம்பருப்பு ஒரு மூட்டை வந்தது, புளி தீர்ந்தது, எண்ணெய் டின் பின்கட்டுக்குப் போனது. நடுவில் ஒரு தாள் கிழிந்துபோனால் பிந்தைய கணக்கு எதுவும் ஒட்டாது. திருத்தம் மிகுந்துபோனால் முதலாளி புது நோட்டுப் போட்டு, அன்றைய இருப்பை முதல் பக்கத்தில் எழுதித் தொடங்குவார். மின்வரைபடத்தில் புதிய பதிப்பு என்பது இதுதான். கணக்குப்பிள்ளை கெட்டிக்காரர், ஒருநாளும் எழுதத் தவறமாட்டார். ஆனால் பின்கட்டில் தாத்தா காலத்து மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. தாத்தா அவற்றில் நாலைந்தில் மட்டும் குத்தூசி விட்டுப் பார்த்து, ‘எல்லாம் புழுங்கலரிசி’ என்று எழுதிவைத்தார். அந்த ஒரு வரி ஒவ்வொரு புது நோட்டுக்கும் பிசகாமல் ஏறிக்கொண்டே வருகிறது. நோட்டின் தேதி நேற்று. மூட்டையை இன்றுவரை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

கடலில் அந்தக் குத்தூசி, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு. ஒரு முறை இறக்கினால் ஒரு புள்ளியின் ஆழம் கிடைக்கும். அடுத்த புள்ளி வரைக்கும் உள்ள தரையை யாரும் பார்த்ததில்லை. பிறகு எக்கோ சவுண்டர் வந்து, கப்பலுக்கு நேர் கீழே ஒரு கோடாக அளந்தது. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. தரையை விசிறிபோல் ஒலி பரப்பித் துழாவும் பல்கற்றைக் கருவிகள் வந்த பிறகே இடைவெளி விடாத அளவை சாத்தியமானது. நம் நாட்டில் கடல் அளவைத் துறை 1874இல் கல்கத்தாவில் தொடங்கி, 1954இல் டேராடூனுக்குப் போனது. வரலாறு இவ்வளவு போதும். ஒரே வரைபடத்தில் இந்த மூன்று காலத்து எண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் நமக்கு முக்கியம்.

பழைய எண்ணை நம்பியதன் விலையைக் குவீன் எலிசபெத் 2 என்ற பெரிய பயணிகள் கப்பல் கொடுத்தது. 1992 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம், கட்டிஹங்க் தீவுக்குத் தெற்கே அது பாறையில் உரசியது. வரைபடத்தில் அங்கே 39 அடி ஆழம் போட்டிருந்தது. கப்பலுக்கு வேண்டியது சுமார் 32 அடி. ஆழங்குறைந்த கடலில் வேகமாகப் போகும் கப்பல் இன்னும் கொஞ்சம் தாழ்ந்துபோகும் என்பது உண்மைதான். அதோடு, அந்த எண் 1939இல் அளந்தது. பிறகு இறங்கிப் பார்த்த முக்குளிப்பவர்கள் வரைபடத்தில் இல்லாத பாறைகளையும், அவற்றில் கப்பலின் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்ததையும் கண்டார்கள். எத்தனை திருத்தம் வாங்கியிருந்தாலும் அந்தப் பாறைகள் வரைபடத்துக்கு வந்திருக்காது. அவை அங்கே இருப்பதே அதுவரை ஒருவருக்கும் தெரியாது.

வரைபடம் செய்கிறவர்கள் இதை மறைப்பதில்லை. அரசு மின்வரைபடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ‘நம்பிக்கை மண்டலம்’ என்று ஒரு தரக்குறி கொடுத்திருக்கிறார்கள்: ஏ1, ஏ2, பி, சி, டி. கப்பல்களின் திரையில் இது நட்சத்திரங்களாகத் தெரியும். ஆறு நட்சத்திரம் என்றால் முதல் தரம், இரண்டு என்றால் டி. தரவின் தரம் இன்னும் மதிப்பிடப்படவில்லை என்பதன் நேர்மையான அடையாளம் யு. ஏ1 பகுதியில் ஒரு பொருள் காட்டிய இடத்திலிருந்து 5 மீட்டரும், அதோடு ஆழத்தின் 5 சதவீதமும் மட்டுமே தள்ளியிருக்கலாம். ஆழத்தில் அரை மீட்டரும், அதோடு ஆழத்தின் ஒரு சதவீதமும் பிசகலாம். சி பகுதியில் இடம் 500 மீட்டர் வரை தள்ளியிருக்கலாம். ஆழம் 2 மீட்டரும், அதன்மேல் 5 சதவீதமும் தவறலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சி பகுதியில் திரை 4 மீட்டர் என்று காட்டினால் பிசகு 2.2 மீட்டர், அடியில் இருப்பது 1.8 மீட்டராகவும் இருக்கலாம். ஒரு விசைப்படகின் அடிக்கட்டை தட்டுவதற்கு அது போதும்.

ஜிபிஎஸ் உங்கள் படகு நிற்கும் இடத்தைச் சில மீட்டருக்குள் சொல்லிவிடுகிறது. பக்கத்தில் உள்ள பாறையைப் படத்தில் வைத்தவரிடம் ஜிபிஎஸ் இருந்திருக்காது. கரையில் தெரிந்த மலையையும் கோபுரத்தையும் பார்த்துக் கோணம் அளந்து வைத்திருப்பார். துல்லியமான படகும் தோராயமான பாறையும் ஒரே திரையில் ஒரே கூர்மையோடு தெரிகின்றன. இந்தக் கூர்மையைத்தான் நான் சந்தேகிக்கச் சொல்கிறேன். உங்கள் பிளாட்டரில் கடலின் மேல் ஓர் இடத்தை அழுத்தி, தரவின் தரம் பற்றிய விவரம் வருகிறதா என்று பாருங்கள். சில கருவிகள் காட்டுகின்றன, பல கருவிகளில் காணோம். புதுப்பிப்பை விற்க வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

சரி, திருத்தம் எதற்குத்தான் உதவும்? மனிதர்கள் மாற்றியவற்றுக்கு. தூர்வாரிய துறைமுக வாய்க்கால், நீட்டிய அலைதடுப்புச் சுவர், இடம் மாற்றிய மிதவை, புதிதாக மூழ்கிய படகு இவையெல்லாம் ஓரிரு வருடத்தில் மாறுகின்றன. பாம்பனில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதியோடு புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அந்த வழியே போகிற படகின் கார்டில் 1914இன் பழைய பாலம் மட்டும் இருந்தால் அது பழைய கார்டு. இயற்கையும் சில சமயம் ஒரே நாளில் மாற்றிவிடும்: 2004 சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தில் நிக்கோபாரின் இந்திரா முனை நாலு மீட்டருக்கு மேல் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது. ஆனால் ஆதாம் பாலத்து மணல்திட்டுகள்போல ஓயாமல் நகர்வனவற்றை வாரந்தோறும் போய் அளப்பவர் எவரும் இல்லை. அங்கே உங்கள் எக்கோ சவுண்டரும், அந்தக் கடலில் பழகிய பெரியவரின் கண்ணும்தான் கணக்கு.

நம் படகுகள் பல பிளாட்டரை முக்கியமாகப் பார்ப்பது இலங்கையுடனான எல்லைக் கோட்டுக்காக. அந்தக் கோடு 1974, 1976 ஒப்பந்தங்களில் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகளாக எழுதப்பட்டது. அதன்பின் மாறவில்லை. அதற்காக வருடச் சந்தா கட்டத் தேவையில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. அதே துறையிலிருந்து கிளம்பி அதே கடலில் தொழில் செய்து அதே துறைக்குத் திரும்புகிறவர் வருடம் தவறாமல் கட்ட வேண்டியதில்லை. உங்கள் துறைமுகத்தில் பெரிய கட்டுமானம் ஏதாவது முடியும்போது புதுப்பித்தால் போதும். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள்போல கொச்சி, மங்களூர், குஜராத் என்று பழக்கமில்லாத துறைகளுக்குள் நுழைகிறவர்கள் கிளம்பும் முன் கட்டிவிடுங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரிய கப்பல்களுக்குச் சர்வதேச விதிப்படி கட்டாயம், அவர்களுக்கு யோசிக்க இடமில்லை. சந்தா நின்றால் பழைய வரைபடம் தொடர்ந்து ஓடுமா, அதுவும் நின்றுவிடுமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்; போன் செயலிகளில் இது முக்கியம். புதுப்பிக்கும் முன், நீங்கள் வருடக்கணக்காகச் சேர்த்த பார்களின் புள்ளிகளை வேறொரு கார்டில் நகல் எடுத்து வையுங்கள். அவற்றை எந்த நிறுவனத்தாலும் திருப்பித் தர முடியாது.

அமெரிக்க அரசின் நோவா அமைப்பு தன் கடல்களின் மின்வரைபடங்களையும் வாராந்திரத் திருத்தங்களையும் யாருக்கும் இலவசமாகத் தருகிறது. மக்கள் வரிப்பணத்தில் அளந்த ஆழம் கடலில் உழைக்கிறவனுக்கு விலையில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதே என் எண்ணமும். இங்கே அது வரும்வரை இன்னொரு வழி இருக்கிறது. டேராடூனில் உள்ள தேசிய கடல் அளவை அலுவலகம் மாலுமிகளுக்கான அறிவிப்பை மாதம் இரண்டு முறை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. படித்த பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் உங்கள் பகுதிக்கு உரியதை எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். வரைபடத்தில் இல்லாத ஒரு பாறையிலோ மூழ்கிய படகிலோ உங்கள் வலை சிக்கினால், அந்த இடத்தின் புள்ளி, ஆழம், நாள், நேரம் நான்கையும் குறித்து அந்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அந்த வழியாக வரப்போகும் அடுத்த படகின் திரையில் அது ஏற வேண்டும்.