கையில் ஒட்டிய காவல்காரன்! யார் வாங்கலாம்? யாருக்கு வேண்டாம்?

இரவு மணி 2.

வீட்டில் எல்லோரும் அயர்ந்து தூங்குகிறார்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சிறுமிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகிறது. 100... 80... 65...! அது அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்கும் தெரியவில்லை.

திடீரென்று செல்போன் அலறுகிறது! தாய் பதறி எழுகிறாள். மகளை எழுப்பி உட்கார வைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கிறாள். ஆபத்து நீங்குகிறது.

தாயை எழுப்பியது எது? மகளின் கையில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு வில்லை!

சர்க்கரை அளவை இரவும் பகலும் காட்டும் கருவி அது. "சி.ஜி.எம்." என்று டாக்டர்கள் சொல்வார்கள். கடைக்காரர்கள் "சென்சார்" என்பார்கள்.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. இந்தக் கருவியைப் பெரும்பாலோர் சொந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் இது தேவையா?

எப்படி வேலை செய்கிறது?

அந்தக் காலத்தில் சிறுநீரை மருந்துத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சி, நிறம் மாறுகிறதா என்று பார்த்தார்கள். பிறகு விரலைக் குத்தி ரத்தம் பார்க்கும் மீட்டர் வந்தது.

இந்த வில்லையின் அடியில் மயிரிழை போன்ற மெல்லிய இழை உண்டு. அது தோலுக்கு அடியில் இருக்கும். அங்குள்ள நீரில் எவ்வளவு சர்க்கரை என்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளக்கும். அந்தக் கணக்கு செல்போனுக்கு வந்துவிடும்.

நாள் கணக்குப் போடுங்கள்!

வில்லை நிரந்தரமானது அல்ல. ஃபிரீஸ்டைல் லிப்ரே என்ற வகை 14 நாள் உழைக்கும். 2022-ல் வந்த டெக்ஸ்காம் ஜி7 வகைக்கு 10 நாள். பிறகு புதிது வாங்க வேண்டும்.

ஒரு வில்லை 5,000 ரூபாய், 14 நாள் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 357 ரூபாய். இன்னொன்று 4,000 ரூபாய், 10 நாள் உழைக்கும் என்றால், நாளுக்கு 400 ரூபாய். விலை குறைந்த பெட்டிதான் அதிகச் செலவு!

14 நாள் வில்லையை ஆண்டு முழுவதும் ஒட்டினால் 26 வேண்டும். மொத்தம் 1,30,000 ரூபாய்! நடுத்தரக் குடும்பம் தாங்குமா?

யாருக்கு அவசியம்?

தினமும் பல முறை இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது பெரும் துணை. சர்க்கரை இறங்கினால் சிலருக்கு வியர்வையோ நடுக்கமோ வராது. திடீரென்று மயங்கி விழுவார்கள். அவர்களுக்கு இது உயிர்க் காவல். கர்ப்பிணிகளுக்கும் டாக்டர் சொல்லக்கூடும்.

இவர்கள் முதலில் கேட்க வேண்டியது, "அலாரம் உண்டா?" என்பதுதான். சில வகைகளில் அலாரம் கிடையாது!

மாத்திரை சாப்பிடுகிறவர்கள்

மாத்திரை மட்டும் சாப்பிடுகிற பலருக்கு ஆண்டு முழுவதும் வில்லை தேவைப்படாது. டாக்டரைக் கேட்டு, எப்போதாவது ஒன்று ஒட்டிப் பார்த்தாலே போதும். (சில மாத்திரைகளும் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். உங்கள் மாத்திரை எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

முதல் வாரம் வழக்கம்போல் சாப்பிடுங்கள். எத்தனை இட்லி, எவ்வளவு சோறு, எவ்வளவு நடை என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் வாரம் மாற்றிப் பாருங்கள். 4 இட்லிக்குப் பதில் 2 இட்லியும் சுண்டலும்! சாப்பிட்டபின் அரை மணி நடை! எண் எப்படி மாறுகிறது என்று உங்கள் கண்ணே சொல்லும். நோட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை 70-க்கும் 180-க்கும் நடுவில் நாளுக்கு 17 மணி நேரம் இருந்தால் நல்லது என்பது பொதுக் கணக்கு. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் இது மாறும்.

வாங்குமுன் கேளுங்கள்

உங்கள் செல்போனில் வேலை செய்யுமா? பாதியில் கழன்று விழுந்தால் மாற்றித் தருவார்களா? காலாவதித் தேதி என்ன?

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் வில்லையை நம்பிவிட வேண்டாம். ஒரு நாட்டு வில்லை இன்னொரு நாட்டுச் செல்போனில் வேலை செய்யாமல் போகலாம். பணம் வீண்!

வில்லையும் தவறும்

வில்லை காட்டும் எண் ரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கியே வரும். ஒட்டிய கையின்மேல் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம். அதிக அளவு வைட்டமின் சி மாத்திரையும் சில வகைகளைக் குழப்பும்.

உடம்பு ஒன்று சொல்லி, வில்லை வேறொன்று சொன்னால் விரலைக் குத்திப் பாருங்கள். ஆகவே, பழைய மீட்டரைத் தூக்கி எறியாதீர்கள்!

எது முதலில்?

வில்லை வியாதியைக் குணப்படுத்தாது. நிலைமையைக் காட்டும், அவ்வளவுதான். இன்சுலினுக்கு வைத்த பணத்தில் கை வைத்து வில்லை வாங்குவது, அரிசிப் பணத்தில் கடிகாரம் வாங்குவது போன்றது!

முதலில் மருந்து. அடுத்தது மீட்டர். அதற்குப் பிறகே வில்லை!