படப்பிடிப்புத் தளமே பள்ளியாக

மூளை வளரும் முறையில் இளமை முதலே அமைந்துவிடும் ஒரு வேறுபாடே ஆட்டிசம்; பிறர் முகக்குறிப்பையும் பேச்சின் உட்பொருளையும் அறிவதில் இடர்ப்பாடு, ஒலியையும் ஒளியையும் மிகக் கூடுதலாக உணர்தல், ஒன்றிலேயே ஆழ்ந்து ஈடுபடுதல் ஆகியவை அதன் பரவலான கூறுகள் எனினும், அவை ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவதால் மருத்துவர்கள் அதனை ஒரு நிறமாலையாகக் கொள்கின்றனர். பள்ளிப் பருவம்வரை ஆட்டிசமுள்ளோருக்குக் கிடைக்கும் துணை, அதன்பின் பெரும்பாலும் அறுந்துபோகிறது. திரைத்தொழிலைக் கற்பித்து அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவற்றுள் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நிகழ்ந்த இரண்டு முயற்சிகள் கூர்ந்து நோக்கத்தக்கவை.

இன்க்ளூஷன் ஃபிலிம்ஸ் நிறுவனத்தை 2007இல் தொடங்கிய ஜோயி டிரவோல்டா, நடிகர் ஜான் டிரவோல்டாவின் அண்ணன். திரைத்துறைக்கு வருமுன் சிறப்புக் கல்வி ஆசிரியராக இருந்தவர். எழுத்து, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று ஒவ்வொரு துறையையும் ஆட்டிசம் உள்ளிட்ட வளர்ச்சிக் குறைபாடுள்ள இளைஞர்கள் இங்கே செய்தே கற்கின்றனர். அவர் இயக்கி 2019இல் வெளிவந்த 'கேரல் ஆஃப் த பெல்ஸ்' படத்தின் குழுவில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இத்தகையோரே.

படப்பிடிப்புத் தளம் இவர்களுக்குப் பொருந்துவதற்குக் காரணம் அதன் ஒழுங்கிலேயே இருக்கிறது. யார் எப்போது எங்கே நிற்கவேண்டும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. காட்சிகளை வரிசையாக வரைந்துகாட்டும் ஸ்டோரிபோர்ட், சொற்களால் விளங்காததைப் படத்தால் விளக்குகிறது. ஒரே காட்சியைப் பலமுறை எடுப்பது அங்கே குறையாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் தளத்தின் கூச்சலும் சுடும் விளக்குகளும் சிலரால் தாங்கவியலாதவை. காதடைப்பானும் ஒதுங்கி ஓய்வெடுக்க ஓர் அமைதியான அறையும் தராத ஆசிரியர், மாணவரின் பதற்றத்தைத் திறமையின்மை என்று தவறாகக் கணித்துவிடக்கூடும்.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஷெர்மன் ஓக்ஸ் பகுதியில் 2011இல் தோன்றிய எக்ஸெப்ஷனல் மைண்ட்ஸ், அசைவூட்டத்திலும் காட்சி விளைவுகளிலும் ஆட்டிசமுள்ள இளைஞர்களைப் பயிற்றுகிறது. நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரிப்பதற்காகச் படச்சட்டத்துக்குப் படச்சட்டம் அதன் விளிம்பைக் கோடிட்டு வரையும் ரோட்டோஸ்கோப்பிங் இங்குக் கற்பிக்கப்படும் முக்கியப் பணிகளுள் ஒன்று. நொடிக்கு 24 படச்சட்டங்கள் என்பதால் ஐந்து நொடிக் காட்சிக்கே 120 முறை அதனைச் செய்யவேண்டியுள்ளது. பலரைச் சலிப்படையச் செய்யும் இவ்வேலையில் நிலைத்த கவனம் கொண்ட இளைஞர் சிறந்து விளங்குகின்றனர். ஆட்டிசமுள்ள அனைவருக்கும் இத்தகைய கூர்ந்த பார்வை வாய்த்திருக்கும் என்று எண்ணுவது பிழை. கதை சொல்வதிலும் நடிப்பதிலும் நாட்டமுடையோரும் அவர்களுள் உண்டு. இந்நிறுவனத்தில் பயின்றோரின் கைவண்ணம் மார்வெல் படங்களிலும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரிலும் இடம்பெற்றுள்ளது.

இத்தகைய பயிற்சியைப் பொழுதுபோக்காகவோ மருத்துவச் சிகிச்சையாகவோ மட்டும் நடத்துவது அந்த இளைஞர்களுக்கு இழைக்கும் அநீதியாகும். செய்த வேலைக்கு ஊதியமும், படத்தின் இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலில் இடமும் அவர்களுக்கு உரியவை. அவற்றைத் தருவது திரைத்துறையினரின் கடமை.