நடக்க வந்தவர்களும் நடந்து வந்தவர்களும்

போயா வெள்ளிக்கிழமையில் விழுந்துவிட்டால் மலையகம் போகும் ரயிலில் கால்வைக்க இடமிருக்காது. மருதானை ஸ்டேஷன் மேடையில் அன்றைக்கு இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம். கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் வேலை செய்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் தங்கச்சிக்குச் சட்டையும் அம்மாவுக்கு மருந்தும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம். முதுகில் பெரிய பையும் கையில் மடக்குத் தடியுமாக நிற்பவர்கள் இன்னொரு பக்கம். அவர்கள் முன்பெல்லாம் வெள்ளைக்காரர்களாகவே இருந்தார்கள். இப்போது வெள்ளவத்தைப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். இரு கூட்டமும் இறங்கும் ஊர் பல வேளை ஒன்றாகவே இருக்கும். வட்டகொடை, கொட்டகலை, ஓஹிய, அப்புத்தளை.

தடி பிடித்தவர்கள் போவது பெக்கோ ட்ரெயில் எனப்படும் நெடும்பாதைக்கு. கண்டிக்கு மேலே ஹந்தானையில், 2001ல் தேயிலை அருங்காட்சியகமாக மாறிய பழைய ஃபெக்டரிக்குப் பக்கத்தில் தொடங்கும். கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று தெற்கே இறங்கி, அப்புத்தளை, எல்ல வழியாக ஊவாவைச் சுற்றி, நுவரெலியாவில் முடியும். மொத்தம் 22 பகுதிகள், 300 கிலோமீற்றருக்கு மேல். இலங்கையில் நெடுங்காலம் வாழ்ந்த மிகுவேல் குனாட் என்ற ஸ்பானியர் இதைத் திட்டமிட்டார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன.

திட்டமிட்டார் என்றுதான் சொன்னேன், வெட்டினார் என்று சொல்லவில்லை. பாதை ஏற்கெனவே இருந்தது. கொழுந்து மூட்டையை ஃபெக்டரிக்கும், தேயிலைப் பெட்டியை ஸ்டேஷனுக்கும் கொண்டுபோன வண்டிப் பாதைகள், துரைமார் குதிரையில் போன தடங்கள், ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கும் குறுக்குகள். இவற்றைத் தேடிக் கோத்து, வரைபடம் போட்டு, பலகை நட்டதுதான் புதிய வேலை. அது சின்ன வேலையல்ல. இத்தனை காலமும் நம்மவர் யாருக்கும் அது தோன்றவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இப்படி நடப்பதில் பிரெஞ்சுக்காரர்கள் பழுத்தவர்கள். அங்கே 1947லேயே லுவார் ஆற்றங்கரையில் முதல் நெடுந்தடத்துக்கு வெள்ளை, சிவப்புக் கோடு போட்டுவிட்டார்கள். இன்று பூர்கோஞ் பகுதியின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒருவர் ஊர் ஊராக நடந்து போகலாம். அங்கே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் எல்லையும் பெயரும் உண்டு. அப்படி 1,247 துண்டுகளை யுனெஸ்கோ 2015ல் உலக மரபுரிமையாகச் சேர்த்தது. ஒரே சரிவில், ஒரு மதில் தள்ளி விளைந்த திராட்சைக்கு வேறு சுவை என்று அவர்கள் சாதிப்பார்கள்.

கேலி செய்ய வேண்டாம். நம் தேயிலையும் அதே கதைதான், என்ன, அதைக் கால்நடையாகப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. ஜனவரி முதல் மார்ச் வரை திம்புள்ளைப் பக்கம் குளிரும் வெயிலும் சேர்ந்து வரும்போது கொட்டகலை, பொகவந்தலாவைத் தேயிலைக்கு வாசம் ஏறுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அதே மலைகள் தென்மேல் மழையில் ஊறிக் கிடக்க, மழையையெல்லாம் மேற்குச் சரிவில் கொட்டிவிட்ட காற்று மலையைத் தாண்டி ஊவாவுக்குள் உலர்ந்து இறங்குகிறது. கிழக்கில் கச்சான் என்று சொல்லும் அந்தக் காற்றடித்து இலை சுருங்கும் காலத்தில்தான் ஊவாத் தேயிலை தன் பெயரைக் காப்பாற்றுகிறது. ஓஹியவிலிருந்து அப்புத்தளைக்கு ஓகஸ்ட் மாதம் நடந்தால் இதற்குப் புத்தகம் தேவையில்லை. ஒரு வளைவில் மூடுபனி சட்டையை நனைக்கும், அடுத்த வளைவில் காற்று அதைக் காயவைத்துவிடும்.

லூல்கந்துரவில் எல்லோரும் நிற்பார்கள். 1867ல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம் அது. அடுத்த இரண்டே வருடத்தில், 1869ல், கோப்பி இலையில் துருநோய் கண்டது. நாடே கோப்பியை நம்பியிருந்தது, கொழும்பு–கண்டி ரயிலும் கோப்பிக்காகத்தான் போடப்பட்டது. கோப்பி செத்த மலைகளில் தேயிலை ஏறியது. 1883ல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1890ல் லிப்டன் வந்து அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னையை வாங்கினார். வழிகாட்டிகள் சொல்லும் சரித்திரம் பெரும்பாலும் இந்த வரிசையோடு நின்றுவிடும். டெயிலரின் கல் இருக்கையில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம்.

ஆனால் அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்கள் எப்படி அங்கே வந்தார்கள்? நடந்துதான் வந்தார்கள். கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் ஆள் வேண்டும். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணி கூட்டி வர, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டைத் தாண்டி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். பருவம் முடிந்ததும் அதே வழியே திரும்பினார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை. தேயிலை வந்த பிறகு இந்தப் போக்குவரத்து மாறியது. கொழுந்து வருடம் முழுவதும் துளிர்க்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுக்காவிட்டால் முற்றிவிடும். ஆகவே ஆளை ஊருக்கு அனுப்ப முடியாது, குடும்பத்தோடு மலையிலேயே இருத்தவேண்டும். லயம் அப்படித்தான் நிலைத்தது.

மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 2023 ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ‘மாண்புமிகு மலையக மக்கள்’ நடைபயணம் போனது. சுமார் 250 கிலோமீற்றர். இரண்டு நடைகளையும் ஒட்டவைத்துப் பார்த்தால்தான் கதை முழுமையாகும் என்பேன். மாத்தளையில் ஒன்று முடிகிறது, கொஞ்சம் தெற்கே ஹந்தானையில் மற்றது தொடங்குகிறது. பெக்கோ பலகைகளில் இதற்கு இரண்டு வரியாவது இடம் கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

வட்டகொடைக்கும் கொட்டகலைக்கும் இடையில், லயத்தை ஒட்டிய ஒரு சின்னக் கடை. தகரக் கூரை, போத்தலில் தேன்குழல், கம்பியில் தொங்கும் ஷாம்பு பக்கெற். பகல் நிறுவைக்குக் கொழுந்து கொடுத்துவிட்டு வந்திருந்த ஓர் அக்கா படங்கை அவிழ்க்காமலே நின்று சாயம் குடித்துக்கொண்டிருந்தார். அவர் விரல் நுனிகளில் கொழுந்துக் கறை கறுத்து வெடித்திருந்தது. என் சப்பாத்தைப் பார்த்தார்.

“எங்க தம்பி, பஸ்ஸை விட்டுட்டீங்களா?”

“இல்லக்கா, நடந்து பார்க்கத்தான் வந்தேன்.”

“கொழும்புல இருந்து காசு செலவழிச்சு வந்து நடக்கிறீங்களா? நாங்க நடக்காம இருக்கத்தானே காசு சேக்கிறோம்!” கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். பிறகு அக்காவே மேலே போகும் கல்படியைக் காட்டி, “இப்பிடியே ஏறுங்க, றோட்டால போனா சுத்து” என்றார். அந்தப் படிகள் நடுவில் குழிந்து, ஓரம் பாசி பிடித்திருந்தன. ரப்பர் செருப்போடு முதுகில் கொழுந்துக் கூடையும் சுமந்து அதில் இறங்குகிறவர்களைப் பார்த்த பிறகு, மடக்குத் தடியை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

திராட்சை நாட்டோடு ஒப்பிடுவது இங்கேதான் இடறுகிறது. பூர்கோஞ்சில் பாதையோரத்து வீடு பெரும்பாலும் தோட்டக்காரருடையதாகவே இருக்கும். வாசலில் பலகை மாட்டி, நடந்து வருகிறவருக்கு ஒரு கிண்ணம் ஊற்றி, இரண்டு போத்தல் விற்று, இராத் தங்க அறையும் கொடுப்பார். நம் பாதையோரத்து லயக் காம்பிராவில் நான்காம் தலைமுறையாக இருக்கிறவருக்கு அது சொந்தமில்லை. நிலம் 1970களில் அரசாங்கத்திடம் வந்தது. 1992க்குப் பிறகு கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது. பத்தடிக்குப் பத்தடி அறையில், உறுதிப்பத்திரம் இல்லாமல், ‘இராத் தங்கலாம்’ என்று யார் பலகை மாட்டுவது? வங்கிக் கடனுக்கு எதை ஈடு வைப்பது? துரைமாரின் பங்களாக்களோ காசல்றீப் பக்கம் 2005 முதல் ஹோட்டலாகியிருக்கின்றன. அங்கே ஒரு இரவுக்கு ஆகும் செலவை, 2024ல் 1,350 ரூபாயாக நிர்ணயித்த நாட்சம்பளத்தால் வகுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நடப்பவர்களால் தோட்டத்துக்கு ஒன்றும் வராது என்று நான் சொல்ல வரவில்லை. வழிகாட்டியாகச் சில இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது, கடைகளில் தேத்தண்ணியும் ரொட்டியும் விற்கிறது. மலைக்கு மலை பெயர் தெரிந்த, தமிழும் சிங்களமும் பேசுகிற அந்தப் பிள்ளைகளைவிடச் சிறந்த வழிகாட்டி வேறு யார்? கொழும்புக் கடையில் பெட்டி தூக்க வந்தவர்களில் பாதிப்பேருக்கு இது தெரிந்த வேலை. ஆனால் வீட்டு நிலம் பெயருக்கு வராதவரை, வருமானத்தின் பெரிய துண்டு தோட்டத்துக்கு வெளியேதான் போகும்.

போகிறவர்களுக்கு: மேற்குப் பகுதிகளுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது, ஊவாவுக்கு நடு ஆண்டு. அட்டைக்கு சவர்க்காரமோ உப்போ போதும். மருந்தடித்த மலைக்குள் இறங்க வேண்டாம், கொழுந்தெடுக்கிறவர்களைக் கேட்காமல் படம் பிடிக்கவும் வேண்டாம். சாப்பாட்டைக் கொழும்பிலிருந்து கட்டிக்கொண்டு போகாமல் லயத்துக் கடையில் சொல்லி வைத்தால், ரொட்டியும் கட்டச் சம்பலும் சுடச்சுடக் கிடைக்கும். மிச்சச் சில்லறையைக் கேட்டு வாங்காதீர்கள்.