தொட்டு அறிந்ததைக் கண் அறியுமா?

பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர். சதுரக் கட்டை எது, உருண்டை எது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். திடீரென்று அவருக்குப் பார்வை வருகிறது. தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்ல முடியுமா?

1688-ல் இப்படிக் கேட்டவர் வில்லியம் மாலினோ. அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரத்தவர். அவருடைய மனைவி கண் பார்வையை இழந்தவர்!

இரு ஞானிகள்

"முடியாது" என்றார், இங்கிலாந்து தத்துவ ஞானி ஜான் லாக். அறிவு எல்லாம் அனுபவத்தால் வருவது. கண்ணுக்கு அந்த அனுபவம் இல்லையே என்பது அவர் வாதம்.

ஜெர்மன் ஞானி லைப்னிட்ஸ் மறுத்தார். கட்டைக்கு முனை உண்டு, உருண்டைக்கு இல்லை. யோசித்தே கண்டுபிடிக்கலாம் என்றார்.

பூனையா, நாயா?

லண்டன் டாக்டர் செசல்டன், ஒரு சிறுவனுக்குச் செய்த ஆபரேஷனைப் பற்றி 1728-ல் எழுதினார். பார்வை வந்தும் பையனுக்குப் பூனை எது, நாய் எது என்று தெரியவில்லை! பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்த பிறகே தெரிந்துகொண்டான்.

டெல்லியில் விடை

டெல்லியில் 8 முதல் 17 வயது வரையுள்ள 5 பேருக்கு ஆபரேஷனால் பார்வை கிடைத்தது. விஞ்ஞானி பவன் சின்கா குழுவினர் அவர்களைச் சோதித்து, முடிவை 2011-ல் வெளியிட்டனர். கையால் தடவிய கட்டையை, இரண்டு கட்டைகளில் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். 100-க்கு 58 தடவையே சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக இருக்குமே!

லாக் வென்றார். ஆனால் ஒரு வாரத்துக்குள்ளேயே சிலர் நன்றாகத் தேறிவிட்டார்கள்!

கண் திறந்தால் மட்டும் போதாது. பார்க்கவும் கற்க வேண்டும். வயது கடந்துவிட்டதே என்று பார்வையற்ற குழந்தையைக் கைவிட வேண்டியதில்லை.