அன்னபூரணியின் இறுதிக் கடற்பயணம்

பதுளையிலிருந்து ஏறிவரும் புகையிரதம் தெமோதரை நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து, குன்றைச் சுற்றி வளைந்து, அச்சுரங்கத்தின் மேலேயே அமைந்த நிலையத்தை வந்தடைகின்றது. செங்குத்தை நேரே வெல்ல மாட்டாத வண்டி வளைந்து வெல்கின்றது. எதிர்க்காற்றில் பாய்க்கப்பல் செல்லும் வகையை என் மாணாக்கருக்கு விளக்க, இதனினும் சிறந்த உவமை யான் கண்டிலேன். காற்று வரும் திசைக்கு நேரே பாய்க்கப்பல் செல்லாது. வலமும் இடமுமாகச் சாய்ந்து சாய்ந்தே முன்னேறும். கடலையே கண்டிராத தோட்டத்துப் பிள்ளைகள் அன்று அதனை நொடியில் உணர்ந்தனர்.

கரிகாலனின் முன்னோன் காற்றைத் தன் ஏவலுக்கு உட்படுத்திக் கலஞ்செலுத்தினான் என வெண்ணிக்குயத்தியார் கூறும் புறநானூற்று 66 ஆம் பாடலை அன்று நடத்திக்கொண்டிருந்தேன். அதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டது அன்னபூரணியின் வரலாறு.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கரையில், வேப்பமரங் கொண்டு கட்டப்பெற்ற இருபாய்மரக் கப்பல் அது. நீளம் 89 அடி. அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேட் றொபின்சன் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியாரின் பெயரைச் சூட்டினார். 'அன்னபூரணி' 'புளோறன்ஸ் சீ. றொபின்சன்' ஆனாள். ஆயினும் அவளைச் செலுத்திய கைகள் மாறவில்லை. கனகரத்தினம் தம்பிப்பிள்ளை என்னும் தண்டையலும் அவ்வூர் மாலுமிகள் நால்வரும் உடன் சென்றனர். ஏடன், சுயெஸ், மத்தியதரைக்கடல், ஜிப்ரால்டர் எனக் கடந்து, அத்திலாந்திக்கின் நடுவே பெர்மூடாத் தீவை அடைந்தனர்.

பயணத்தின் உள்ளுரம் சோதிக்கப்பெறுவது இறுதி நாட்களிலேயே. பெர்மூடாவுக்கும் மசாசூசெற்ஸ் கரைக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 650 கடல்மைல். நெடுவழி வந்தோர்க்கு அது சிறிதே. ஆனால் இடையே வெந்நீரோட்டமொன்று பெருநதியென வடகிழக்கு நோக்கி ஓடுகின்றது. அதனைக் கடந்தால் குளிர்நீர். வெம்மையும் தண்மையும் கூடுமிடத்தில் கோடையிலும் மூடுபனி கவியும். வெப்பநாட்டுக் கடலில் வளர்ந்த மாலுமியின் கண்களுக்கு அது புதிய இருள். அவ்விருளுக்கு அப்பால், 1938 ஆகஸ்டு 1 ஆம் நாள், குளொஸ்டர்த் துறை தோன்றியது. தலைமுறை தலைமுறையாகக் கடலுக்கு மைந்தரைப் பறிகொடுத்த மீனவர் ஊர் அது. வந்த கலத்தின் அருமையை அவ்வூரார் அறியாதிருக்க இயலுமோ? அவள் சேர்ந்து 51 நாட்களின் பின், செப்டெம்பர் 21 இல், கொடிய சூறாவளியொன்று அக்கரைப் பகுதியைச் சிதைத்தது என்பதையும் எண்ணுக.

இவ்வளவும் கூறி யான் பெருமிதத்தோடு நின்றபோது, கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "ஐயா, அவங்க போன கப்பலுக்குப் பேர் இருக்கு. நம்ம பாட்டன்மாரு வந்த கப்பலுக்கு என்ன பேருங்க?"

யான் வாய்மூடி நின்றேன். என் பாட்டனாரும் கடல் கடந்தே வந்தவர். எக்கலத்தில் வந்தாரென யான் ஒருநாளும் கேட்டதில்லை. எழுதுவோர் கையில் அவர் பெயரே தோட்டப் பதிவேட்டில் உருத்திரிந்து கிடந்ததென்று தந்தையார் சொல்லக் கேட்டதுண்டு. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி, என் பத்தாம் அகவையளவில், அண்டை லயத்துக் குடும்பமொன்று இதே தெமோதரை நிலையத்தில் தகரப்பெட்டிகளோடு நின்று, தலைமன்னாருக்குச் சென்று, கப்பலேறியது. உடன் விளையாடிய தோழன் கையசைத்த சாளரம் இன்றும் என் கண்முன் நிற்கின்றது. அவன் ஏறிய கப்பலின் பெயரையும் யான் கேட்டிலேன்.

அன்னபூரணியின் பெயரை மறைத்தும், வல்வெட்டித்துறையார் அதனை மறந்தாரில்லை. ஆதலின் அவள் வாழ்கின்றாள். எம் கலங்களின் பெயரை மறைத்தவர் பிறரல்லர், கேளாதிருந்த யாமே.

அன்று மாலை வீட்டுப்பாடமாக இலக்கணப் பயிற்சி தரவில்லை. "உங்கள் முதியோரிடம் எத்துறையில் ஏறினார், எவ்வழி நடந்து இம்மலைக்கு வந்தார் எனக் கேட்டு எழுதி வருக" என்றேன். மறுநாள் 11 பேர் எழுதி வந்தனர். அச்சிறுமியின் தாளில் ஒருவரியே இருந்தது: "ஆச்சிக்குத் தெரியவில்லை; அழுதார்." அதனையும் மற்றவற்றோடு சேர்த்துத் தைத்து வைத்துள்ளேன்.