ரூபாயை உருக்கினால் குற்றம்

சேலத்தில் வெள்ளிப் பட்டறை நடத்தும் எங்களுக்கு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயின் தரம் மனப்பாடம். ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம்; நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு வெள்ளி. தரம் தெரிந்த வெள்ளி என்பதால் கொலுசு, தண்டை, அரைஞாண் எதற்கானாலும் அந்தக் காலத்தில் ரூபாயையே மூசையில் போட்டு உருக்குவார்கள்.

1917 ஜூனில் இதற்குத் தடை வந்தது. காசு செலாவணிக்கு மட்டும்தான், உருக்கினால் குற்றம் என்றது சர்க்கார். செப்டம்பரில் தனியார் வெளிநாட்டு வெள்ளியை இறக்குமதி செய்யவும் தடை போட்டது. உலகச் சந்தையில் தன்னோடு போட்டி போட்டு வியாபாரிகள் விலையை ஏற்றிவிடக் கூடாது என்பது கணக்கு.

இதே சர்க்கார்தான் 1893இல், வெள்ளி மலிந்து ரூபாயின் மதிப்பு சரிகிறது என்று, யார் வெள்ளி கொண்டுவந்தாலும் காசாக அடித்துத் தந்த நாணயச் சாலைகளின் கதவை மூடியது. முதல் உலகப் போர் நிலைமையைத் தலைகீழாக்கியது. இந்தியச் சரக்குக்கும் மெசபொட்டேமியப் போர்ச் செலவுக்கும் ரூபாய் ரூபாயாகக் கொட்ட வேண்டியிருந்தது. மெக்சிகோவில் உள்நாட்டுக் கலவரத்தால் சுரங்கங்கள் முடங்கின. லண்டனில் 1915இல் அவுன்ஸ் 27 பென்ஸ் அளவில் விற்ற வெள்ளி, 1917 செப்டம்பரில் 55ஐத் தொட்டது. 43 பென்ஸைத் தாண்டினாலே, 16 பென்ஸ் பெறும் ரூபாய்க்குள் இருக்கும் வெள்ளி அதைவிட அதிகம் பெறும். அப்புறம் யார் உருக்காமல் இருப்பார்கள்?

நிதிப் பொறுப்பில் இருந்தவர் சென்னை மாகாணப் பணியிலிருந்து உயர்ந்த வில்லியம் மேயர். அவர் காலத்தில், 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. நம்பிக்கை வரட்டும் என்றோ என்னவோ, அதில் வெள்ளி ரூபாயின் படத்தையே அச்சிட்டார்கள். சனங்கள் படத்தைப் பார்த்து மயங்கவில்லை. நோட்டை நீட்டி வெள்ளி கேட்டார்கள். 1918 ஜூனில் கஜானாவில் மிஞ்சியது சுமார் 4 கோடி ரூபாய்.

கைகொடுத்தது அமெரிக்கா. அந்த ஏப்ரலில் நிறைவேறிய பிட்மன் சட்டப்படி தன் வெள்ளி டாலர்களை உருக்கி, 20 கோடி அவுன்ஸை இந்தியாவுக்கு விற்றது. அது வந்து சேர்ந்ததும் நாணயச் சாலைகள் மூச்சுவிட்டன. 1918, 1919 என்று பொறித்த ரூபாய் உங்கள் வீட்டில் இருந்தால், அதில் அமெரிக்க டாலரின் வெள்ளி கலந்திருக்கலாம்.

தடை ஆணைகளால் ஒரு குன்றிமணி வெள்ளியும் கூடவில்லை. வெள்ளி விலை 1920 பிப்ரவரியில் 89 பென்ஸையும் தாண்டித்தான் இறங்கியது. நோட்டின் மானத்தைக் காப்பாற்றியது சட்டமல்ல, கப்பலில் வந்திறங்கிய சரக்கு.